ட்ரீம்பாக்ஸ் ஒரிஜினலா, குளோனா? இமேஜ் மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: ஜெர்மனியில் டோர்ட்முண்டில் இருக்கிறேன். பழைய சாமான் விளம்பரத்தில் பார்த்து டிஎம்800 ஹெச்டி எஸ்இ ட்ரீம்பாக்ஸ் (செயற்கைக்கோள் டிவி ரிசீவர்) ஒன்றை 45 யூரோவுக்கு வாங்கினேன். விளம்பரத்தில் 'ஒரிஜினல்' என்று போட்டிருந்தது. அட்டைப்பெட்டி, ரசீது எதுவும் இல்லை. பெட்டி நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் தாஸ் எர்ஸ்டே, டபிள்யூடிஆர் என்ற ஜெர்மன் சானல்கள் இரண்டும் வரவில்லை. உள்ளே 2013ஆம் ஆண்டு இமேஜ் (பெட்டியை ஓட்டும் முழு மென்பொருள்) இருக்கிறது. புது இமேஜ் போட்டால் சானல்கள் வந்துவிடும் என்கிறார் ஒரு நண்பர். குளோனாக (ஒரிஜினலைப் பார்த்துச் செய்த போலியாக) இருந்தால் அப்டேட் போட்டதும் பெட்டி செத்துவிடும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது? ஒரிஜினலா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

பதில்: இரண்டாவது நண்பர் சொல்வதைக் கேளுங்கள். முதல் நண்பர் தவறான இடத்தில் மருந்து போடச் சொல்கிறார். உங்கள் சானல்கள் காணாமல் போனதற்கும் இமேஜுக்கும் தொடர்பு இல்லை.

ஏஆர்டி என்ற ஜெர்மன் பொது ஒளிபரப்புக் குழுமம் 2025 ஜனவரி 7ஆம் தேதி செயற்கைக்கோள் வழியான எஸ்டி (சாதாரணத் தெளிவு) ஒளிபரப்பை நிறுத்திவிட்டது. தாஸ் எர்ஸ்டே, டபிள்யூடிஆர் எல்லாம் இப்போது ஹெச்டியில் மட்டுமே வருகின்றன. உங்கள் பெட்டியில் இருக்கும் சானல் பட்டியல் பழையது. இப்போது இல்லாத எஸ்டி சானலை அது இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது. டிஎம்800 ஹெச்டி எஸ்இ பெயரிலேயே ஹெச்டி இருக்கிறது, அதன் ட்யூனர் ஹெச்டி ஒளிபரப்பை வாங்கும் டிவிபி-எஸ்2 வகை. எனவே 2013 இமேஜோடேயே அந்தச் சானல்கள் வரும்.

மெனுவில் சானல் தேடல் பகுதிக்குள் போய், கைமுறைத் தேடலைத் தேர்ந்தெடுங்கள். அஸ்ட்ரா 19.2 பாகை கிழக்கு, அதிர்வெண் 11494, கிடைத்தளம் (ஹொரிசாண்டல்), சிம்பல் ரேட் 22000, எஃப்இசி 2/3, சிஸ்டம் டிவிபி-எஸ்2, மாடுலேஷன் 8பிஎஸ்கே. இதைக் கொடுத்தால் தாஸ் எர்ஸ்டே ஹெச்டியும் ஆர்ட்டே ஹெச்டியும் பட்டியலில் விழ வேண்டும். இசட்டிஎஃப் ஹெச்டிக்கு 11362, மற்றவை அதே மதிப்புகள். இரண்டும் விழுந்தால் முழு அஸ்ட்ராவுக்கும் ஒரு தானியங்கித் தேடல் ஓட்டிவிடுங்கள், டபிள்யூடிஆர் உட்பட மற்றவை தாமாக வரும்.

இவை விழவில்லை என்றாலும் உடனே இமேஜைச் சந்தேகிக்காதீர்கள். கிடைத்தளத்துக்குப் பெட்டி, டிஷ் முனையிலுள்ள எல்என்பிக்கு 18 வோல்ட் அனுப்ப வேண்டும், நிலைத்தளத்துக்கு (வெர்டிகல்) 13 போதும். பழைய அடாப்டர் தளர்ந்திருந்தால் நிலைத்தளச் சானல்கள் ஓடும், கிடைத்தளச் சானல்கள் மட்டும் விட்டு விட்டு வரும் அல்லது வரவே வராது. அதோடு 8பிஎஸ்கே சிக்னலுக்குப் பழைய எஸ்டி சிக்னலைவிடத் தெளிவான வரவு தேவை. டிஷ் ஒரு விரல் அகலம் நகர்ந்திருந்தாலும் எஸ்டி பொறுத்துக்கொள்ளும், ஹெச்டி கட்டம் கட்டமாக உடையும். ஆகவே அடாப்டர், கேபிள் முனை, டிஷ் என்ற வரிசையில் பாருங்கள்.

சானல்தான் தேவை என்றால் இதோடு வேலை முடிந்தது, இமேஜைத் தொடவே வேண்டாம். 2013 இமேஜில் வேறு சில குறைகள் உண்டு. அதிலிருக்கும் மறையாக்க நூலகம் மிகப் பழையது. இன்றைய இணையதளங்கள் அதனோடு பேச மறுக்கும். அதனால் நிகழ்ச்சி அட்டவணை இறக்கும் ப்ளக்இன்கள், இணைய வானொலி, மீடியாதெக் (சானல்களின் இணைய நூலகம்) போன்றவை பிழை காட்டும். இவையும் வேண்டும் என்றால் மட்டுமே புது இமேஜ் பற்றி யோசிக்கலாம். அப்படி யோசித்தால், பெட்டி ஒரிஜினலா என்று தீர்மானிக்காமல் எதையும் அழுத்தக் கூடாது.

குளோன் ஏன் சாகிறது என்பது புரிந்தால் எந்தச் சோதனையை எவ்வளவு நம்பலாம் என்பதும் புரியும்.

ட்ரீம்பாக்ஸைச் செய்தது உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் லூனென் நகரத்து ட்ரீம் மல்ட்டிமீடியா. டிஎம்800 வரிசையிலிருந்து அவர்கள் பலகையில் ஒரு பாதுகாப்புச் சிப்பை வைத்தார்கள். பெட்டிக்கு மின்சாரம் கொடுத்ததும் லினக்ஸ் நேரடியாக எழுவதில்லை. அதற்கு முன் 'செகண்ட் ஸ்டேஜ் லோடர்' என்ற சிறு நிரல் ஓடுகிறது. உள்ளே இருக்கும் சிப்பைப் பார்த்து, எல்லாம் சரி என்றால்தான் அது கெர்னலை எழுப்பும். குளோன் செய்தவர்களிடம் அந்தச் சிப் இல்லை. அதற்குப் பதிலாக சிம் அட்டை மாதிரியான ஒன்றை வைத்து, லோடரையும் கத்தரித்து ஒட்டி, சோதனையைத் தாண்டிப் போகும்படி செய்தார்கள். பெட்டிக்குள் ஓடும் எனிக்மா2 (மெனுவையும் சானல்களையும் காட்டும் மென்பொருள்) இரண்டிலும் ஒன்றேதான். அதனால்தான் திரையைப் பார்த்து யாராலும் வித்தியாசம் சொல்ல முடிவதில்லை.

இமேஜாக நீங்கள் இறக்கும் .என்எஃப்ஐ கோப்பில் மெனுவும் சானலும் மட்டும் இருப்பதில்லை. லோடரும் அதற்குள்ளேயே இருக்கிறது. ஒரிஜினல் இமேஜைக் குளோனில் எழுதினால், ஒட்டுப்போட்ட லோடர் அழிந்து உண்மையான லோடர் உட்காரும். அடுத்த முறை அது சிப்பைத் தேடும், கிடைக்காது, அங்கேயே நின்றுவிடும். முகப்புத் திரையில் தொடக்க வாசகம் அல்லது லோகோ உறைந்து நிற்கும். சில பெட்டிகள் திரும்பத் திரும்ப எழுந்து விழும். 'பெட்டி செத்துவிட்டது' என்று சொல்வது இதைத்தான்.

யூஎஸ்பியிலோ உலாவியிலோ முழு இமேஜை எழுதுவதுதான் ஆபத்து, மெனுவில் இருக்கும் 'மென்பொருள் புதுப்பிப்பு' பட்டன் பத்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் அதே ஆபத்துதான். ஆன்லைன் புதுப்பிப்பில் லோடருக்கென்றே தனித் தொகுப்பு உண்டு. அது பட்டியலில் நூறு பெயர்களுக்கு நடுவே ஒன்றாக ஓடிப்போய், யாரையும் கேட்காமல் லோடரை மாற்றி எழுதிவிடும். ட்யூனர் டிரைவர் தொகுப்பும் அப்படியே. குளோன்களில் சில வேறு கம்பெனி ட்யூனரோடு வந்தன ('எம் ட்யூனர்' என்பார்கள்). அவற்றில் ஒரிஜினல் டிரைவர் ஏறினால் பெட்டி எழுந்தாலும் ட்யூனர் இல்லை என்று சொல்லும்.

இனிச் சோதனைகள். செலவும் சிரமமும் குறைந்ததிலிருந்து தொடங்குவோம். முதலில் விளம்பரத்தின் திரைப்பிடிப்பை (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வையுங்கள், 'ஒரிஜினல்' என்ற சொல் தெரியும்படி. விற்றவரின் பெயர், தேதி, நீங்கள் இருவரும் பேசிய செய்திகள் எல்லாம் சேர்த்து. பெட்டியைத் திறப்பது கடைசியில்தான்.

வெளியே பார்த்துச் சொல்லக்கூடியவை குறைவு. ஆனால் இரண்டு அடையாளங்கள் வழக்கை உடனே முடித்துவிடும். ஒன்று, பின்புறம் வைஃபை ஆன்டெனா திருகும் இடம். எஸ்இயில் வயர்லெஸ் வேண்டுமென்றால் யூஎஸ்பி குச்சி போடுவதே வழி. பலகையிலேயே வைஃபை வைத்து விற்றவை குளோன்கள். இரண்டு, 'ட்ரிபிள் ட்யூனர்' என்ற எழுத்து. எஸ்இயில் மாற்றக்கூடிய ட்யூனர் ஒன்றே ஒன்று. கேபிள், தரைவழி, செயற்கைக்கோள் மூன்றும் ஒன்றாக இருக்கிறது என்றால் அது 'சன்ரே' போன்ற பெயரில் விற்கப்பட்ட குளோன் வகை. எழுத்துப் பிழை, மங்கலான அச்சு, ரிமோட்டின் ரப்பர் தரம் பற்றியெல்லாம் இணையத்தில் நீண்ட பட்டியல்கள் உண்டு. அவற்றை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். நல்ல குளோன்களில் ஸ்டிக்கர் ஒரிஜினலைவிட அழகாக இருக்கும். பழைய ஒரிஜினலில் ஸ்டிக்கர் உரிந்து போயிருக்கும், ரிமோட் ஏற்கெனவே மாறியிருக்கும்.

அடுத்தது ரூட்டர். பெட்டியை நெட்வொர்க் கேபிளில் இணைத்து, ஃப்ரிட்ஸ்பாக்ஸ் ரூட்டரின் சாதனப் பட்டியலில் அதன் மாக் முகவரியை (நெட்வொர்க் அடையாள எண்) பாருங்கள். ட்ரீம் மல்ட்டிமீடியாவுக்கு ஒதுக்கப்பட்ட முன்னெண் 00:09:34. வேறு எதிலாவது தொடங்கினால் பெட்டி ஒரிஜினல் இல்லை, அல்லது யாரோ முகவரியை மாற்றியிருக்கிறார்கள். இந்த எண்ணில்தான் தொடங்குகிறது என்றால் நிம்மதி அடைய வேண்டாம். குளோன்களும் இதையே போட்டுக்கொள்கின்றன. ஒரே மாக்கை நூற்றுக்கணக்கான பெட்டிகளில் அடித்ததால், ஒரே வீட்டில் இரண்டு குளோன்களை இணைத்தால் நெட்வொர்க் குழம்பும். இந்தச் சோதனை பொய்யை மட்டும் காட்டும், மெய்யைக் காட்டாது.

மூன்றாவது, பெட்டியின் தகவல் பக்கமும் பழைய கோப்புகளும். இமேஜின் பெயரிலோ, விற்றவர் கூடவே கொடுத்த யூஎஸ்பியிலுள்ள கோப்புப் பெயரிலோ 'சிம்2', 'சிம்210', 'ஏ8பி', 'எஸ்எஸ்எல்84பி', 'எஸ்எஸ்எல்84டி' போன்றவை இருந்தால் அது குளோனுக்கென்றே ஒட்டுப்போட்ட இமேஜ். 84 என்பது லோடரின் எண், பின்னால் வரும் எழுத்து கத்தரித்தவர் வைத்தது. ஒரிஜினல் பெட்டிக்கு இப்படி எழுத்து போட்ட இமேஜைத் தேடிப்போட வேண்டிய தேவை யாருக்கும் இல்லை.

நான்காவது, ஃப்ளாஷ் (இமேஜைச் சேமிக்கும் நினைவகம்) அளவு. கணினியிலிருந்து டெல்நெட்டில் (கட்டளை தட்டிப் பெட்டியை இயக்கும் வழி) பெட்டிக்குள் நுழையுங்கள். பயனர் பெயர் 'ரூட்'. கடவுச்சொல் பழைய இமேஜ்களில் பெரும்பாலும் 'ட்ரீம்பாக்ஸ்' அல்லது வெறுமை. 'ப்ராக்' கோப்புறையில் 'எம்டிடி' என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். தலைப்புக்கு அடுத்த முதல் வரி முழு ஃப்ளாஷையும் காட்டும். சாதாரண எஸ்இயில் அங்கே 04000000 என்று இருக்கும். இது பதினாறடிமான எண், பொருள் 64 எம்பி. அடியிலுள்ள ஸ்டிக்கரில் 'வி2' என்று இருந்து இங்கே 64 எம்பி காட்டினால் விஷயம் முடிந்தது, ஏனென்றால் எஸ்இ வி2 1 ஜிபி ஃப்ளாஷோடு வந்தது. ஸ்டிக்கரை மட்டும் மாற்றி விலையை ஏற்றும் பழக்கம் பழைய சந்தையில் உண்டு. அதே கோப்பில் அடுத்த வரியில் 'லோடர்' என்ற பகுதி இருப்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள், கீழே அது தேவைப்படும்.

ஐந்தாவது, 'ஜெனுவின் ட்ரீம்பாக்ஸ்' என்ற ப்ளக்இன். இது பாதுகாப்புச் சிப்போடு பேசி, பதிலைத் தயாரிப்பாளரின் சர்வருக்கு அனுப்பிச் சரிபார்க்கும் வகையில் எழுதப்பட்டது. கருத்தளவில் இதுதான் ஒழுங்கான சோதனை. நடைமுறையில் இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது. சர்வரை அடைய முடியவில்லை என்று சொன்னால் அது தீர்ப்பு இல்லை. 2013 இமேஜ் இன்றைய இணையத்தோடு பேச முடியாததாலேயே அப்படி வரலாம். சிப் இல்லை அல்லது பதில் தவறு என்று சொன்னால்தான் பொருள் உண்டு. மறுபக்கம், ப்ளக்இன் ஓடுவது அந்தப் பெட்டியின் இமேஜுக்குள்தான். இமேஜையே கத்தரித்தவருக்கு 'சரி' என்று சொல்ல வைப்பது பெரிய வேலை இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் தெளிவு வரவில்லை என்றால் மூடியைத் திறக்க வேண்டும். எஸ்இக்கு 12 வோல்ட் அடாப்டர் வெளியே இருப்பதால் உள்ளே வீட்டு மின்சாரம் கிடையாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டால் பயமில்லாமல் திறக்கலாம். கார்பெட்டில் உட்கார்ந்து செய்யாதீர்கள், முதலில் ரேடியேட்டர் குழாயை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள்.

தேட வேண்டியது ஒன்றைத்தான். பலகையில் ஒரு சிறு அட்டை, கைப்பேசி சிம் அட்டை அளவில், பொன்னிறத் தொடுமுனைகளோடு, செருகும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறதா? முன்பக்கக் கதவுக்குள் இருக்கும் இரண்டு ஸ்மார்ட்கார்டு இடங்களோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், அவை ஒரிஜினலிலும் உண்டு. நான் சொல்வது உள்ளே, பலகை மேல். அதன் மேல் 2.10 அல்லது ஏ8பி என்று அச்சிருக்கலாம், எதுவும் இல்லாமலும் இருக்கலாம். இப்படி ஒன்று இருந்தால் குளோன், மறுபேச்சில்லை. ஒரிஜினலில் பாதுகாப்புச் சிப் பலகையோடு பற்றவைத்தே இருக்கும். கழற்றக்கூடிய எதுவும் இராது. அட்டையைக் கண்டால் உருவ வேண்டாம், படம் மட்டும் எடுங்கள். சில சமயம் தொடுமுனை தேய்ந்து, உருவிச் செருகியபின் பெட்டி எழ மறுக்கும்.

அட்டை இல்லை என்றால்? அதுவும் முழு நிரூபணம் ஆகாது. பின்னாளில் வந்த சில குளோன்களில் அந்த அட்டைக்குள் இருக்கும் சிப்பை நேரே பலகையில் பற்றவைத்துவிட்டார்கள். அந்தச் சிப்பைச் சுற்றி மட்டும் ஈயம் பளபளப்பாக, கையால் வைத்ததுபோல் கோணலாக இருந்தால் சந்தேகப்படுங்கள். மற்றச் சிப்புகளைச் சுற்றி அப்படி இருக்காது.

இங்கே ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 'குளோன்' என்று சொல்ல ஒரு அடையாளம் போதும். 'ஒரிஜினல்' என்று சொல்ல எல்லாச் சோதனையும் ஒத்துப்போக வேண்டும், முடிந்தால் கடை ரசீது அல்லது முதல் உரிமையாளரின் வாக்குமூலம்கூட. நடுவில் தொங்கினால் குளோன் என்றே நடந்துகொள்ளுங்கள். 45 யூரோ பெட்டிக்காக இதைவிட ஆழமாக ஆராய்வது வீண்.

ஒரிஜினல் என்று தெரிந்தால் வேலை சுலபம். ஆனால் அவசரப்படாமல் செய்ய வேண்டும்.

முதலில் நகல். இமேஜில் இருக்கும் பேக்கப் ப்ளக்இன் மூலம் தற்போதைய இமேஜை .என்எஃப்ஐ கோப்பாக யூஎஸ்பியில் எடுங்கள். கோப்பு சில எம்பி மட்டுமே இருந்தால் எடுப்பது பாதியில் நின்றிருக்கிறது. யூஎஸ்பியில் இடம் இருக்கிறதா என்று பார்த்துத் திரும்ப எடுங்கள். கூடவே டெல்நெட்டில் 'நேண்ட்டம்ப்' கருவியால் லோடர் பகுதியைத் தனியாக இரண்டு முறை நகல் எடுத்து, இரண்டின் எம்டி5 கூட்டையும் (கோப்பின் சரிபார்ப்பு எண்) ஒப்பிடுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் ஃப்ளாஷே தேய்ந்திருக்கலாம். அப்படிப்பட்ட ஃப்ளாஷில் புதிதாக எழுதுவது சூதாட்டம்.

பிறகு இமேஜ் தேர்வு. டிஎம்800, டிஎம்800எஸ்இ, டிஎம்800எஸ்இவி2 மூன்றும் தனித்தனி. பெயரில் ஓர் எழுத்து தவறினாலும் தவறுதான். கோப்பின் தலைப்பில் பெட்டியின் வகை எழுதியிருப்பதால் தவறான ஒன்றை லோடர் பெரும்பாலும் ஏற்காது, ஆனால் அதை நம்பிக் கவனக்குறைவாக இருக்க வேண்டாம். 64 எம்பி ஃப்ளாஷ் உள்ள உங்கள் வகைக்கு ஓஇ 2.0 என்ற பழைய வரிசை இமேஜ்தான். புதிய பெட்டிகளுக்கு வரும் .டார்.எக்ஸ்இசட் கோப்புகள் இதற்கு இல்லை. தயாரிப்பாளர் இமேஜ் அல்லது ஓபன்பிஎல்ஐ போன்ற அறியப்பட்ட குழுவின் இமேஜ், அதையும் அவர்கள் இடத்திலிருந்தே எடுங்கள். 'எல்லாப் பெட்டிக்கும் ஓடும்' என்று யாரோ ஏற்றிவைத்த கோப்பில் ஒட்டுப்போட்ட லோடர் இருக்கலாம்; அதை ஒரிஜினலில் எழுதி, நல்ல பெட்டியைக் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

எழுதும் நேரத்தில் டிஷ் கேபிளைக் கழற்றுங்கள், வன்தட்டையும் யூஎஸ்பி சாதனங்களையும் பிடுங்குங்கள். அடாப்டரின் மேல் உள்ள சுமை குறையும். பழைய அடாப்டர் சுமை ஏறியதும் 12 வோல்ட்டிலிருந்து சரிவதுதான் பாதி எழுத்தில் நிற்பதற்கு வழக்கமான காரணம். கணினியையும் பெட்டியையும் ஒரே ரூட்டரில் கேபிளால் இணையுங்கள், வைஃபை வேண்டாம். பெட்டியை அணைத்து, முகப்புப் பட்டனை அழுத்திப் பிடித்தபடி மின்சாரம் கொடுத்தால் முகப்புத் திரையில் 'ஸ்டாப்' என்ற வாசகமும் ஓர் ஐபி முகவரியும் வரும். ஃப்ரிட்ஸ்பாக்ஸ் வீடுகளில் அது பெரும்பாலும் 192.168.178 என்று தொடங்கும். அந்த முகவரியை உலாவியில் தட்டினால் லோடரின் சிறு பக்கம் திறக்கும். அதில் ஃபர்ம்வேர் பகுதியில் .என்எஃப்ஐ கோப்பைக் காட்டி எழுதச் சொல்லுங்கள். அதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். பக்கம் அசையவில்லை என்று உலாவியைப் புதுப்பிப்பதும், மின்சாரத்தைப் பிடுங்குவதும் கூடாது. முடிந்தது என்று அதுவே சொல்லும். உலாவி ஒத்துழைக்கவில்லை என்றால் மினி யூஎஸ்பி சர்வீஸ் போர்ட் வழியாக, 115200 வேகத்தில், ட்ரீம்அப் மென்பொருளால் எழுதலாம். அது மெதுவாக நகரும், ஆனால் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று வரி வரியாகக் காட்டும்.

குளோன் என்று தெரிந்தால், இமேஜை இருக்கிறபடி விட்டுவிடுவதுதான் என் ஆலோசனை. ஒட்டுப்போட்ட லோடரோடு கூடிய புது இமேஜ்கள் கிடைக்கத்தான் செய்கின்றன. அவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன்: அந்த இமேஜ் உங்கள் வீட்டு நெட்வொர்க்குக்குள் ரூட் அதிகாரத்தோடு இரவும் பகலும் ஓடப்போகிறது, அதைச் செய்தவர் யார் என்றே தெரியாது. மேலே சொன்ன கைமுறைத் தேடலால் தாஸ் எர்ஸ்டே வந்துவிடும். ஒரு குளோனிடம் அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

தானியங்கிப் புதுப்பிப்பு ஏதாவது அமைத்திருந்தால் நிறுத்துங்கள். வீட்டில் பிள்ளைகள் ரிமோட்டில் தவறுதலாக 'மென்பொருள் புதுப்பிப்பு' அழுத்தாமல் இருக்க, மெனு அமைப்புகளுக்குக் குறியெண் போட எனிக்மா2வில் வழி உண்டு. எளிய வழி, நெட்வொர்க் கேபிளையே பிடுங்கிவிடுவது. இணையம் இல்லாத பெட்டியால் புது லோடரை இறக்க முடியாது; செயற்கைக்கோள் சானல்களுக்கு இணையம் தேவையும் இல்லை.

இன்னொன்றும் பாருங்கள். பழைய குளோன்களில் முந்தைய உரிமையாளர் கார்டு ஷேரிங் நிரல் வைத்திருப்பது சாதாரணம். கட்டணச் சானல்களைத் திருட்டுத்தனமாகப் பார்ப்பதற்கானது. டெல்நெட்டில் ஓடும் நிரல்களின் பட்டியலில் 'சிசிகேம்' அல்லது 'ஓஎஸ்கேம்' என்ற பெயரோ, திறந்திருக்கும் போர்ட்டுகளில் 12000, 16001 போன்ற எண்களோ தெரிந்தால் அது ஓடிக்கொண்டிருக்கிறது. ஜெர்மனியில் இது சட்ட விரோதம், இனி அந்தப் பெட்டி உங்கள் இணைய இணைப்பின் பெயரில் இருக்கிறது. ப்ளக்இன் பட்டியலில் அதை நீக்கி, கணக்கு விவரம் எழுதிய அமைப்புக் கோப்புகளையும் அழித்து, ரூட் கடவுச்சொல்லை மாற்றுங்கள். ரூட்டரில் அந்தப் பெட்டிக்கு வெளியிலிருந்து போர்ட் திறந்துவிடப்படவில்லை என்பதையும் உறுதி செய்யுங்கள். ஒரிஜினலில் இதைக் கண்டால் சுத்தமான இமேஜை எழுதுவதே சிறந்த வழி.

யாரோ ஏற்கெனவே அப்டேட் அழுத்தி, குளோன் லோகோவில் உறைந்து நின்றால், உடனே தூக்கி எறிய வேண்டாம். பட்டனை அழுத்தி 'ஸ்டாப்' நிலைக்குப் போக முடிகிறதா, அல்லது சர்வீஸ் போர்ட்டின் சீரியல் வழியாக ஏதாவது எழுத்து வருகிறதா என்று பாருங்கள். வருகிறது என்றால் முன்னால் எடுத்த அதே .என்எஃப்ஐ நகலைத் திரும்ப எழுதி மீட்க வாய்ப்பு உண்டு. அதனால், ஒரிஜினலுக்குச் சொன்ன நகலைக் குளோனிலும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். சீரியலும் ஊமையாக இருந்தால் பலகையில் ஜேடேக் கம்பி பிடித்து மீட்க வேண்டும். அந்தச் செலவில் இன்னொரு பழைய ஹெச்டி ரிசீவர் வாங்கலாம்.

விற்றவர் விஷயம். தனியார் விற்பனையில் 'உத்தரவாதம் இல்லை' என்று எழுதியிருந்தாலும், 'ஒரிஜினல்' என்று வெளிப்படையாகச் சொன்னதற்கு அவர் பொறுப்பு. மூடியைத் திறக்காமலேயே வைஃபை ஆன்டெனா, ஸ்டிக்கருக்கும் ஃப்ளாஷுக்கும் பொருந்தாத அளவு, இமேஜ் பெயர் போன்ற சான்று கிடைத்திருந்தால், அதன் படத்தோடு பணத்தைத் திரும்பக் கேட்டு எழுதுங்கள். பெட்டியில் எதையும் மாற்றாமல் வைத்திருங்கள், அவர் தந்த இமேஜ் உட்பட. பணம் திரும்பவில்லை என்றால் குளோனை 'ஒரிஜினல்' என்று மறுபடி விளம்பரம் போட்டு அடுத்தவர் தலையில் கட்டாதீர்கள், அது உங்களுக்கே வழக்காகும். ஒரு நாள் பெட்டி நின்றுபோனால் நகராட்சியின் மறுசுழற்சி மையத்தில் மின்னணுக் கழிவாகக் கொடுத்துவிடலாம். 12 வோல்ட் அடாப்டரை மட்டும், அளந்து பார்த்து நல்லதாக இருந்தால், எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.